ஐஸ்பெட்டிக்காரருக்கு ஒரு கேமரா

எனக்குப் பொறுமை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்கு வந்து ஒரு மணி நேரம் பொருளைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்புறம் வர்றேன்" என்று நழுவுகிறவர்களைக் கண்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்படிப்பட்ட என் கடையில், ஒரு கேமரா வாங்குவதற்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்ட ஒரே ஆள் என் அக்காவின் கணவர், என் மச்சான்.

அவர் வேலை பார்த்த இடத்தில் அவரை ஐஸ்பெட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் ஒரு நீலப் பெட்டி. அதற்குள் ஐஸ் கட்டிகள், அவற்றுக்கு நடுவே சின்னச் சின்ன குழாய்களில் ரத்தம். தெருவுக்குத் தெரு இருக்கிற கிளினிக்குகளில் எடுத்த ரத்தத்தை இரண்டு மணி நேரத்துக்குள் பெரிய ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். "யார் யாருக்கோ என்னென்ன வியாதியோ, எல்லாம் என் முதுகுக்குப் பின்னால சத்தமில்லாம உட்கார்ந்து வருதுடா" என்பார். வண்டியைத் தூக்கிப் போடாமல், தூங்குகிற குழந்தையைக் கொண்டுபோவதுபோல் ஓட்டுவார். அவர் பின்னால் உட்கார்ந்து போனால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

அவர் ஒரு மாதிரி கனவில் நடக்கிற ஆள். சாப்பிட உட்கார்ந்தால் அன்றைக்குச் சாலையில் பார்த்ததைச் சொல்லுவார். கடந்த இரண்டு வருடமாக அந்தக் கதைகள் கொஞ்சம் விசித்திரமாகிக்கொண்டே வந்தன.

"இன்னிக்கு ஒரு அம்மா, கை நிறைய மஞ்சள் பூ. ரோட்டுல யாருமே இல்ல. திடீர்னு பார்த்தா முன்னால நிக்கிறாங்க. ஆகாசத்துலேர்ந்து இறங்கின மாதிரி."

இன்னொரு நாள் ஒரு வெள்ளை நாய். இன்னொரு நாள் பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை. எல்லாமே திடீரென்று வரும். வந்த சுவடும் தெரியாது, போன சுவடும் தெரியாது. "இந்த ஊர்ல மனுஷங்க காத்துலேர்ந்து முளைக்கிறாங்கடா" என்று அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும். அக்கா சிரிப்பாள். "இவரு கதை விடறதைக் கேட்டா காது குளிருது" என்பாள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம்போல் இருக்கிறது.

அப்புறம்தான் அந்த வெள்ளைக் கார்.

ஒரு மதிய வேளை. பக்கத்துச் சந்திலிருந்து ஒரு கார் மெதுவாகத் திரும்ப, இவர் வண்டி நேராகப் போய் அதன் முன்பக்கத்தில் மோதியது. இவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் பெட்டி திறந்து நாற்பது குழாய் உடைந்தது. நாற்பது பேரை மறுபடி கூப்பிட்டு மறுபடி ஊசி குத்த வேண்டியதாயிற்று. அதில் இருவர் கைக்குழந்தைகள். அதைச் சொல்லும்போதெல்லாம் மச்சானின் குரல் இறங்கிவிடும்.

காரை ஓட்டியவர் ஒரு பள்ளிக்கூட நூலகர். சந்து முனையில் இண்டிகேட்டர் போட்டு நின்று, பார்த்து, அப்புறம்தான் திரும்பினேன் என்றார் அந்த அம்மா. மச்சானோ அங்கே எந்தக் காரும் நிற்கவில்லை, எங்கிருந்தோ பாய்ந்து வந்தது என்றார். சாட்சி ஒருத்தரும் இல்லை. ஆய்வுக்கூட மேலாளர் இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிக்க ஒரு தேதி வைத்தார், அதுவரை வழக்கம்போல் ஓட்டலாம் என்றார். அவர் சொன்னது இவ்வளவுதான்: தப்பு உங்கள் மேல் இல்லையென்றால், வயதாகிவிட்டது, இனி வண்டி வேண்டாம், உள்ளே மாதிரிகளை வாங்கிப் பதியும் மேசையில் உட்கார வைக்கிறோம். தப்பு உங்கள் மேல் என்றால் வேலை இல்லை.

"என்னைப் பொய்யன்னு சொல்லிட்டாங்கடா" என்று கடைக்கு வந்து நின்றார் மச்சான். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். "வாய் கூசாம சொல்றாங்க. நின்னாங்களாம்! நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா ஓட்டினேன்? இனிமே எனக்கு ஒரு சாட்சி வேணும். கேமரா எடு."

எடுத்தேன். என் கடை ஒரு ஆள் அகலம்தான். ஒரு பக்கம் ஹெல்மெட், இன்னொரு பக்கம் கையுறை, உள்ளே கண்ணாடி அலமாரியில் கேமரா. வரிசையாக எடுத்து வைத்து எனக்குத் தெரிந்த பாடத்தை ஒப்பித்தேன். சாட்சிக்கு வாங்குகிற கேமராவில் அழகு பார்க்கக் கூடாது. முன்னால் போகிற வண்டியின் நம்பர் தெளிவாக விழ வேண்டும். குலுக்கலில் படம் கலையக் கூடாது. மழையில் நனைந்தாலும் ஓட வேண்டும். கார்டு நிறைந்துவிட்டால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை அதுவே பதிய வேண்டும். முக்கியமாகத் தேதியும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி காட்டுகிற வீடியோவை எவன் நம்புவான்?

எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு மச்சான் கேட்ட கேள்வி: "நான் வண்டியை நிறுத்திட்டு நின்னா, அதுவும் கண்ணை மூடிக்குமா?"

"மூடிக்கும். பெட்டியில ஐஸும் போட்டுத் தரும். ஹெல்மெட்டுல மாட்டறதா, வண்டியில மாட்டறதா, அதைச் சொல்லுங்க மச்சான்."

அங்கேதான் மாட்டிக்கொண்டார். ஹெல்மெட்டின் தாடைப் பக்கம் ஒட்டுகிற கேமரா, நாம் எங்கே பார்க்கிறோமோ அங்கே பார்க்கும். தலை திரும்பினால் அதுவும் திரும்பும். ஹேண்டில்பாரில் மாட்டுகிறது வண்டி போகிற திசையை மட்டும் பார்க்கும், ஆனால் லென்ஸ் அகலமானது, சாலையின் இரண்டு ஓரமும் அதற்குள் வந்துவிடும். முதல் நாள் ஹெல்மெட் என்றார். இரண்டாம் நாள் ஹேண்டில்பார் என்றார். மூன்றாம் நாள் வந்து, "நான் பார்த்தது சாட்சியா, வண்டி பார்த்தது சாட்சியா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடி அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுமை போயே போய்விட்டது. இரண்டையும் மாட்டிவிட்டேன். "ஒரு வாரம் ஓட்டுங்க. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்ப்போம். எது பிடிக்குதோ அதை வச்சுக்கிட்டு இன்னொண்ணைத் திருப்பிக் குடுங்க. மறுபடி மனசு மாறினீங்க, கடை வாசல்லயே விடமாட்டேன்."

அந்த ஞாயிறு மதியம் மழை பெய்தது. அக்கா திரைச்சீலை தைக்கிறவள். வீட்டின் முன்னறை முழுக்கத் துணி. ஜன்னலில் இருந்து வருகிற வெளிச்சம் அந்தத் துணிகளில் பட்டு அறையே தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருந்தது. அவள் ஒரு மூலையில் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். நானும் மச்சானும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தோம்.

முதலில் ஹெல்மெட் கேமரா. படம் சத்தமில்லாமல் ஓடியது. சாலை, சாலை, சாலை. ஆணி அடித்தாற்போல் நேராக. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு திரும்பல் இல்லை. நான் எத்தனையோ பேர் எடுத்த வீடியோவைப் பார்த்திருக்கிறேன். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டி நமக்கு வாந்தி வரவைப்பார்கள். "அடேங்கப்பா!" என்றேன். "தலை அசையவே இல்லையே மச்சான்! இந்த மாதிரி ஒரு படம் என் கடையில யாரும் காட்டினதில்ல. கடை வாசல்ல இதைத்தான் ஓடவிடப் போறேன்." அவருக்கு வெட்கமாகிவிட்டது. நான் பெரிய நிபுணன், இல்லையா! தலை ஏன் அசையவில்லை என்று கேட்க இந்த மண்டைக்குத் தோன்றவில்லை.

அடுத்தது ஹேண்டில்பார் கேமரா. அகல லென்ஸ். படம் வந்ததும் மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது எந்தத் தெரு?"

"நீங்க தினமும் போற தெருதான். அதோ பாருங்க, உங்க கிளினிக்."

"இவ்வளவு மரமா?"

இரண்டு ஓரத்திலும் மரங்கள் வரிசையாகப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தன. கிளைகள் மேலே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. வலது பக்கம் நீலச் சுண்ணாம்பு அடித்த ஒரு நீளமான சுவர். மாடியில் துணி காயப் போடுகிற ஒரு பெண். மச்சான் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். "எப்படா இந்தச் சுவருக்கு நீலம் அடிச்சாங்க? எப்ப இந்த மரமெல்லாம் வந்துச்சு? நிறுத்து, நிறுத்து, பின்னாடி போ!" நான் பின்னால் போனேன். மறுபடி ஓடவிட்டேன். பொம்மைக் கடைக்குள் நுழைந்த குழந்தைபோல் பார்த்துக்கொண்டிருந்தார். "உன் கேமரா என்னமோ சேர்த்துக் காட்டுதுடா. நல்லா இருக்கு, ஆனா சேர்த்துக் காட்டுது."

"காதுல பூ சுத்தாதீங்க மச்சான். இருக்கிறதைத்தான் காட்டும்."

அப்போது படத்தில் ஏணி தூக்கிய ஆள் வந்தான். புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் மச்சான் சொன்ன அதே ஆள். "ஏணியைத் தூக்கிட்டு ஒருத்தன் காத்துலேர்ந்து முளைச்சான்டா, நல்லவேளை பிரேக் போட்டேன்" என்று சொல்லியிருந்தார். படத்தில் அவன் காற்றிலிருந்து முளைக்கவில்லை. தூரத்திலேயே தெரிந்தான். சாலை ஓரத்தில் நின்றான். வண்டியைப் பார்த்தான். கையை உயர்த்தினான். இறங்கி ஓரடி வைத்தான், இன்னொரு அடி வைத்தான். வண்டி வேகம் குறையாமல் போய்க்கொண்டே இருந்தது. அவன் நேர் முன்னால் வந்தபிறகுதான் படம் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

அக்காவின் மெஷின் சத்தம் நின்றுபோயிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அவள் கையில் துணியோடு எழுந்து நின்று டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கத் துணியின் ஓரத்தையே பார்க்கிற கண் அவளுடையது.

"அவன் அவ்வளவு நேரமா நிக்கிறானே," என்றாள். "நீங்க பார்க்கலயா?"

"அங்க யாரும் இல்லையே" என்றார் மச்சான், படத்தில் அவன் நிற்பதைப் பார்த்துக்கொண்டே.

அக்கா ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவரை உட்கார வைத்தாள். என்னை எதிரே நிறுத்தினாள். "இவன் மூக்கையே பாருங்க. வேற எங்கயும் பார்க்கக் கூடாது."

"இவன் மூக்குல பார்க்க என்ன இருக்கு?"

"பாருங்கன்னா பாருங்க."

தையல் மேசையிலிருந்து ஒரு சிவப்பு நூல்கண்டை எடுத்து அவர் காதுக்குப் பக்கத்தில், கை நீளத் தூரத்தில் பிடித்தாள். "இதை முன்னால கொண்டு வருவேன். தெரிஞ்ச உடனே சொல்லுங்க." மெல்லக் கொண்டுவந்தாள். காதைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. எனக்கு அது தெரிகிறது, அக்காவுக்குத் தெரிகிறது. மச்சான் என் மூக்கைப் பார்த்துக்கொண்டு அமைதியாகக் காத்திருந்தார். நூல்கண்டு அவர் முகத்துக்கு முன்னால் வந்து, கிட்டத்தட்ட எனக்கும் அவருக்கும் நடுவே வந்துவிட்டது.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றார் மச்சான்.

அக்கா மறு பக்கமும் பிடித்துப் பார்த்தாள். அங்கேயும் அதே கதைதான். நூல்கண்டு மூக்குக்குப் பக்கத்தில் வந்ததும், "ஆங், இதோ வந்துடுச்சு, திடீர்னு" என்றார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் அவரே நிறுத்திக்கொண்டார். "அப்ப அந்தக் கார்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அக்கா துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் கண் மருத்துவரிடம் போனோம். ஒரு வெள்ளைக் கிண்ணம்போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே சின்ன வெளிச்சம் மின்னும், தெரியும்போது கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். நான் கதவுக்கு வெளியே நின்று அந்தப் பொத்தான் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரத்துக்கு ஒரு தடவைதான் கேட்டது. மருத்துவர் தாளில் படத்தைக் காட்டினார். சுற்றிலும் கறுப்பு, நடுவில் ஒரு காசு அளவுக்கு வெள்ளை. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரத்திலிருந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"போனது திரும்ப வராதுங்க. இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். நீங்க இப்பவாவது வந்தீங்களே. ஆனா இனிமே வண்டி ஓட்டக் கூடாது."

"வலிக்கவே இல்லையே டாக்டர். இருட்டாவும் இல்ல."

"இதுல வலிக்காது. இருட்டாவும் தெரியாது. இல்லாத இடத்தை மூளையே எதையாவது போட்டு நிரப்பிக்கும். அதனாலதான் யாருக்கும் தெரியறதில்ல."

வெளியே வந்து படிக்கட்டில் நின்றுகொண்டு மச்சான் சொன்னார்: "பாதி ஊரை நான் கற்பனையிலதான் ஓட்டிட்டு இருந்திருக்கேன்டா. காலியா இருக்குற ரோடு, எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?" அவரைக் கையைப் பிடித்து இறக்கினேன். அவர் கையை உதறிவிட்டுத் தானே இறங்கினார்.

விசாரணைக்கு மூன்று நாள் இருந்தது. நான் நேரடியாகவே சொன்னேன். "வாயைத் திறக்காதீங்க மச்சான். விபத்து நடந்த அன்னிக்கு வீடியோ இல்ல. அந்தம்மா சொல்றதுக்கும் சாட்சி இல்ல. ஏற்கெனவே சொன்னதையே சொல்லுங்க. மேசை வேலை கிடைச்சுடும், வண்டியும் ஓட்ட வேண்டாம். கண்ணு விஷயத்தை அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்." அக்கா எனக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் அவளுக்கும் அதே எண்ணம்தான் என்று அர்த்தம். அவள் தைக்கிற திரைச்சீலையை நம்பி ஒரு குடும்பம் ஓடாது. மச்சான் மட்டும் ஹேண்டில்பார் கேமராவின் படங்களை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்து முனைகள் வரும்போதெல்லாம் நிறுத்துவார். ஒவ்வொரு முனையிலும் யாராவது நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு சைக்கிள், ஒரு வேன், ஒரு கிழவர். எல்லோரும் அவர் போவதற்காகக் காத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை அவரை என் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். நீளமான மேசை, மேலே ஒரு தண்ணீர் ஜாடி, மேலாளர், அவர் கையில் ஒரு கோப்பு. நூலகர் அம்மா பஸ்ஸில் வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். மேலாளர் கேட்பதற்கு முன்னால் அவரே பேசிவிட்டார்.

"நான் நிறைய யோசிச்சுப் பார்த்துட்டேன் சார். ரெண்டு மாசமா இதே நினைப்புதான். இவரு நேரா என்னைப் பார்த்துக்கிட்டே வந்தாரு. நான் அங்க நின்னிருந்தா யாராவது அப்படி வருவாங்களா? அதனால எனக்கே சந்தேகமாயிடுச்சு. நின்னதா நான் நினைச்சுக்கிட்டேனோ என்னமோ. அந்த நாளுக்கு அப்புறம் நான் காரைத் தொடவே இல்ல. என் மேலதான் தப்புன்னு எழுதிக்குங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

மேலாளர் பேனாவை எடுத்தார். தானாகப் பழம் நழுவிப் பாலில் விழுகிறது, இந்த மனுஷன் சும்மா இருந்தால் போதும். மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"இல்லம்மா" என்றார். "நீங்க நின்னீங்க."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "நீங்க என்னைப் பார்த்தீங்களா?"

"பார்க்கலம்மா. அதனாலதான் சொல்றேன். நான் பார்க்காததெல்லாம் அங்கதான் இருந்துச்சு."

சட்டைப் பையிலிருந்து மருத்துவர் கொடுத்த தாளை எடுத்து மேசையில் விரித்து வைத்தார். கறுப்பு வட்டத்தையும் நடுவில் இருந்த வெள்ளையையும் விரலால் காட்டி, ஏணி தூக்கியவனைப் பற்றியும் நூல்கண்டைப் பற்றியும் ஒன்றையும் விடாமல் சொன்னார். நாற்பது குழாயும் தன்னால்தான் உடைந்தது என்றார். வண்டிச் சாவியைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். மேலாளர் நல்ல மனிதர்தான். தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம் கோப்பில் எழுத வேண்டியதை எழுதினார். வேலை போயிற்று. அந்த நிமிடம் எனக்கு மச்சான்மேல் வந்த கோபத்தை எந்தச் சொல்லிலும் சொல்ல முடியாது. அதே நிமிடம் அவர் காலில் விழலாம்போலவும் இருந்தது.

வெளியே பஸ் நிறுத்தத்தில் கொஞ்சம் வெயில் அடித்தது. நான் எதிர்ப்புறம் நின்ற என் வண்டியை எடுத்து வரப் போனேன். திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மா கட்டடத்திலிருந்து வேகமாக வந்து அவருக்கு வலது பக்கத்தில் நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மச்சான் நேரே சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் யாரும் இல்லாத ஆளைப்போல. அந்த அம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டடி முன்னால் நடந்து, திரும்பி, அவருக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"இப்ப தெரியறேனா?" என்று கேட்டார்.

"தெரியுதும்மா" என்றார் மச்சான்.